மஞ்சள் காய்ச்சல் ஊசி என்று 14,500 ரூபாய் போச்சு. ஆப்பிரிக்கா கிளம்புகிறவர்கள் படிக்கவும்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சென்னை விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தவன், கோபம் அடங்காமல் எழுதுகிறேன். அங்கோலா போகிறவர்கள் என்ன ஊசி, என்ன மாத்திரை பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் 14,500 ரூபாய் போன கதை.

எனக்குத் திருச்செங்கோடு பக்கம். போர்வெல் ரிக் வேலை. அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவுக்கு வெளியே ஒரு வருஷ ஒப்பந்தம் கிடைத்தது. கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட அட்டை இல்லாமல் அங்கோலாவுக்குள் விடமாட்டார்கள். 2016-ல் அந்தக் காய்ச்சல் பெரிதாகப் பரவிய ஊரே லுவாண்டாதான். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். என் கையில் இருந்தது பதிமூன்று நாள். அந்த அவசரத்தில்தான் போனில் வந்த ஒரு பயணத் தடுப்பூசி விளம்பரத்தைத் தொட்டேன். வீட்டுக்கே வந்து போடுவார்களாம், அட்டை கையோடு, மலேரியா மாத்திரையும் சேர்த்து 14,500. சென்னைக்குப் போய்வரும் செலவும் இரண்டு நாள் கூலியும் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். நல்ல கணக்கு!

மறுநாளே தெர்மாகோல் பெட்டியோடு ஒரு பையன் வந்தான். பெட்டியைத் திறக்கும் முன்பே, "அண்ணா, முட்டை உங்களுக்கு ஒத்துக்குமுங்களா?" என்றான். நாமக்கல் மாவட்டத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துவிட்டேன். ஆனால் விழுந்ததும் அங்கேதான். இந்த மருந்தைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்துத் தயாரிக்கிறார்கள், முட்டை அலர்ஜி இருந்தால் போட யோசிப்பார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். பையன் விவரமானவன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டேன். குப்பியில் தண்ணீர் மாதிரி இருந்ததை அப்படியே உறிஞ்சிக் குத்தினான். அம்மா மோர் கொடுத்தார். உப்பு போதவில்லை என்று கேட்டு வாங்கிப் போட்டுக் குடித்தான், படுபாவி. 14,500-ஐ அங்கேயே ஜிபே செய்தேன். "பத்து வருஷம் கழிச்சு அடுத்த ஊசிக்குக் கூப்பிடுங்கண்ணா, குறைச்சுக்கலாம்" என்று வேறு சொன்னான். 2016 ஜூலையிலிருந்து இந்த அட்டை ஆயுசுக்கும் செல்லும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் அட்டையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். "சார், சென்டர் சீல் எங்க?" படிக்க முடியாத ஒரு டாக்டர் பெயரும் செல் நம்பரும் போட்ட ஊதா ரப்பர் ஸ்டாம்ப்தான் இருந்தது. பேட்ச் நம்பர் கட்டம் காலி. அரசு அங்கீகரித்த மையங்களின் அட்டை மட்டும்தான் செல்லுமாம். ஏற்றவில்லை. அவர் மேல் தப்பில்லை.

அங்கிருந்தே போன் போட்டேன். "ஏர்லைன்ஸ்காரங்களுக்கு ரூல் தெரியல சார்." திங்கட்கிழமை, "அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு." செவ்வாய்க்கிழமை ஒருத்தன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "மருந்து உங்க உடம்புக்குள்ள போயிருச்சே சார், ரீஃபண்ட் எப்படி?" என்ன மருந்தடா போனது என்று கேட்டேன், வைத்துவிட்டான். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான்.

நேற்று அரசு மையமான கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போய் விசாரித்தேன். அசல் மருந்து பொடியாக வரும், எதிரிலேயே கலக்கித்தான் போடுவார்கள். ஒரு குப்பி பல பேருக்கானது, கலக்கினால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதனால்தான் ஆட்களைச் சேர்த்து நாள் குறித்துப் போடுகிறார்கள். செலவு சில நூறு ரூபாய். நான் கொடுத்தது 14,500! மலேரியாவுக்கு அந்த விளம்பரக்காரர்கள் கொடுத்த மாத்திரைப் பட்டையைக் காட்டினால், குளோரோகுயின். அங்கே இருக்கிற மலேரியா அதற்கு மசியாது என்று டாக்டர் டாக்சிசைக்ளின் எழுதினார். கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பிருந்து தினமும் ஒன்று, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம். அந்த ஊசியே சுத்தமானதா என்ற பயத்தில் ரத்தப் பரிசோதனைக்கும் கொடுத்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. சென்னையில் கிங் இன்ஸ்டிடியூட், ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகம், இப்படி அரசுப் பட்டியலில் உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள். வீட்டுக்கு வந்து போடுகிறேன் என்றால் கதவைச் சாத்துங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பேட்ச் நம்பர், மையத்தின் முத்திரை மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். சரியான அட்டை இல்லாமல் அங்கோலாவிலிருந்து திரும்பினால் இங்கேயும் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். கொசு பகலிலும் கடிக்கும், ராத்திரியும் கடிக்கும், மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் புகார் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை அசல் ஊசி, அப்புறம் பத்து நாள் சும்மா உட்கார வேண்டும். டிக்கெட் மாற்றிய காசை முதலாளி சம்பளத்தில் பிடிப்பாராம். அது இந்த 14,500-ல் சேராது.