வடசென்னைப் பெயர்களுக்கு எந்த விக்கி: மீடியாவிக்கியா, டோக்குவிக்கியா?

மீடியாவிக்கி, டோக்குவிக்கி இரண்டுமே விக்கித் தளம் நடத்த உதவும் மென்பொருள்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, காசிமேடு என ஏரியா வாரியாக உள்ளூர் விக்கி தொடங்க நினைப்பவர்கள், தலைப்பைத் தமிழிலேயே வைப்பதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஃபைல் பெயரின் நீளம்.

டோக்குவிக்கிக்கு டேட்டாபேஸ் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். பேக்கப் எடுக்க சுகம், ஆனால் வினையும் அங்கேதான். இன்ஸ்டால் செய்தபடியே விட்டால் ஃபைல் பெயரை யுஆர்எல் என்கோடிங்கில் (ஒவ்வொரு பைட்டையும் % போட்டு மூன்று எழுத்தாக்கும் முறை) எழுதும். ‘க’வுக்கு 9 பைட், ‘க’, ‘ொ’ என இரு குறிகள் சேர்ந்த ‘கொ’வுக்கு 18. ‘கொருக்குப்பேட்டை ரயில் நிலையம்’ என்பதில் 28 யூனிகோடு குறிகள், 2 இடைவெளிகள். 252 + 2, ஃபைல் பெயரின் வால் (.txt) 4, ஆக 258. லினக்ஸில் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 ஒரு ஃபைல் பெயருக்குத் தருவது 255 பைட்தான்; பக்கம் சேவ் ஆகாது. பக்கத்தைத் திருத்தும்போது சேமிக்கப்படும் அதன் பழைய வடிவங்களின் ஃபைல் பெயரில் நேர எண்ணும் ஒட்டுவதால் அங்கே இன்னும் நெருக்கடி.

முதல் பக்கம் எழுதுவதற்கு முன்பே செட்டிங்கில் ஃபைல் பெயர் என்கோடிங்கை யூடிஎஃப்-8 (தமிழ்க் குறியை 3 பைட்டில் எழுதும் முறை) ஆக்கிவிடுங்கள். அதே பெயர் 90 பைட்டில் அடங்கும். பக்கங்கள் ஏறிய பிறகு மாற்றினால் பழைய ஃபைல்களை அது தேடிப் பிடிக்காது, பக்கமே இல்லை என்று சாதிக்கும்.

மீடியாவிக்கியில் தலைப்புக்கு 255 பைட், தமிழ்க் குறிக்கு 3. மேற்படி தலைப்பு 86தான். ‘ொ’வைச் சிலர் ‘ெ’, ‘ா’ என இரண்டாகத் தட்டினாலும் ஒன்றாக்கிவிடும். நம் ஊர்ப்பெயர்களுக்கு இதற்கே என் ஓட்டு.

அடைப்புக்குறியில் மட்டும் டோக்குவிக்கி கை ஓங்கும். ‘கல்மண்டபம் (ராயபுரம்)’ என்றால் முகவரியில் அடைப்பை எடுத்துவிட்டு அடிக்கோடு போடும். தலைப்பு முழுதாகத் தெரிய, முதல் தலைப்பு வரியைப் பக்கப்பெயராகக் காட்டும் செட்டிங்கை ஆன் செய்யுங்கள். மீடியாவிக்கி அடைப்பை அப்படியே வைக்கும். இணைப்பை ஒட்டும்போது சில செயலிகள் கடைசி ‘)’ஐ வெட்டிவிடும், திறந்தால் இல்லாத பக்கம். ‘)’க்குப் பதில் %29, தலைப்பில் ‘?’ இருந்தால் அதற்குப் பதில் %3எஃப் (எஃப் ஆங்கில எழுத்து) என்று கொடுத்து அனுப்புங்கள்.

தலைப்பில் # இரண்டிலும் ஆகாது. ‘கேட் #4’ என்று இணைத்தால் ‘கேட்’ பக்கத்தின் ‘4’ என்ற பகுதிக்குப் போகும், பிழைச்செய்தியும் வராது.

முக்காற்புள்ளியில் (:) கவனம். டோக்குவிக்கியில் அதற்கு முன்னால் வரும் ஒவ்வொரு பெயரும் ஒரு ஃபோல்டர். தமிழ் மீடியாவிக்கியில் ‘உதவி:’ ஏற்கெனவே ஒரு பெயர்வெளி (பக்கங்களை வகை பிரித்து வைக்கும் தனிப் பகுதி). ‘உதவி: வெள்ள நிவாரண எண்கள்’ என்று தலைப்பிட்டால் விக்கியின் உதவிப் பக்கங்களோடு சேர்ந்துவிடும், சாதாரணத் தேடலில் சிக்காது. ‘வெள்ள நிவாரண உதவி எண்கள்’ என்றே வையுங்கள்.