மட்டாஞ்சேரி யூத வீதி: முட்டிவலிக்கார அம்மாவோடு ஒரு நாள் நடை

வெள்ளி, சனி இரண்டு நாளும் போகாதீர்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பரதேசி சினகாக் என்னும் யூதக் கோவில் வெள்ளி மதியத்தோடு மூடினால் சனி முழுக்கத் திறக்காது, யூதப் பண்டிகை நாள்களிலும் அப்படியே. சிட்னியிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் வார இறுதியைப் பார்த்துத்தான் சுற்றுலா போடுகிறோம், கொச்சிக்கு அந்தக் கணக்கு உதவாது. நாங்கள் செவ்வாய்க்கிழமை போனோம், கூட்டமும் குறைவு.

கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சில ரயில்கள் எர்ணாகுளம் டவுனில் நிற்கும், சில ஜங்ஷனில், பயணச்சீட்டில் எது என்று பார்த்துக்கொண்டால் ஆட்டோ செலவு குறையும். ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ பிடித்தோம். இந்தப் பயணத்தில் நான் மனசாரப் பாராட்டும் சேவை இதுதான். படகுத்துறையே தண்ணீரில் மிதப்பதால் நீர் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளமும் துறையின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன, முட்டிவலிக்கார அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். ஏசி, சுத்தம், பேட்டரியில் ஓடுவதால் சத்தமும் இல்லை. முன்பு ஃபோர்ட் கொச்சியில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது, இப்போது மட்டாஞ்சேரிக்கே படகு போகிறது, இறங்கினால் அரண்மனை பக்கத்திலேயே.

அரண்மனையை டச்சுக்காரர்களின் பெயரில் எல்லாரும் சொல்கிறார்கள், உண்மையில் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, டச்சுக்காரர்கள் பிறகு 1663 வாக்கில் பழுதுபார்த்தார்கள். ராமாயணச் சுவரோவியங்கள் அருமை. ஆனால் பார்க்க வேண்டியதெல்லாம் மாடியில், படி ஏறித்தான் ஆக வேண்டும். அம்மா ஏறி முடித்ததும் எனக்கே மூச்சு வாங்கியது. முட்டி ரொம்ப மோசம் என்றால் இதை விட்டுவிட்டு நேராக யூத வீதிக்குப் போய்விடலாம், குற்றமில்லை.

அங்கிருந்து சினகாக் சில நிமிட நடைதான். அரண்மனைக் கோவிலும் சினகாக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிலைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கின்றன. ராஜா தன் வாசலை ஒட்டி இடம் கொடுத்து 1568இல் எழுந்தது. 1662இல் போர்த்துகீசியர் சேதப்படுத்த, இரண்டு வருடத்தில் டச்சுக்காரர்கள் காலத்தில் மறுபடி எழும்பியது. மணிக்கூண்டு 18ஆம் நூற்றாண்டுச் சேர்ப்பு. ஒரு முகத்தில் எபிரேய எண்கள், இன்னொன்றில் ரோமன், இன்னொன்றில் மலையாளம், யார் எந்தப் பக்கம் வந்தாலும் மணி தெரியட்டும் என்று.

உள்ளே செருப்பைக் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், படம் எடுக்கக்கூடாது, பையை வெளியே வைக்கச் சொல்வார்கள். காலை 10 முதல் 1, பிற்பகல் 3 முதல் 5. கட்டணம் சில்லறைக் காசுதான், அதற்குச் சில்லறையாகவே கொண்டுபோங்கள். என் ஆஸ்திரேலிய கார்டை வைத்துக்கொண்டு இந்தத் தெருவில் எங்கேயும் பெரிதாகக் கிழிக்க முடியவில்லை, எல்லாரும் க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார்கள். தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள், 1762இல் கான்டனிலிருந்து எசக்கியேல் ராகபி என்ற யூத வணிகர் வரவழைத்தவை, ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. மேலே பெல்ஜியக் கண்ணாடி விளக்குகள், நடுவில் பித்தளை மேடை. குட்டி இடம், பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள்தான் அதிகம்.

நான் நின்றது நுழைவு அறையில். அங்கே கொச்சி யூதர்களின் கதையை ஓவியங்களாக மாட்டியிருக்கிறார்கள், சினகாக்கின் 400ஆம் ஆண்டுவிழா 1968இல் நடந்தபோது வரைந்தவை. அந்த விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால் தலையும் வந்தது. ஒரு ஓவியத்தில் சேர அரசர் பாஸ்கர ரவி, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு கொடுக்கிறார். கிட்டத்தட்ட ஆயிரம் வருடம் பழைய அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது, நம் பக்கத்துக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அதன் நடை அந்நியமாகவே இருக்காது. பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), அந்தோளகம் (பல்லக்கு), குடை, வடுகப்பறை, காகளம் (ஊதுகொம்பு), தோரணம் என்று மரியாதைகளை வரிசையாகச் சொல்லி, எழுபத்திரண்டு விடுபேறும் (உரிமைகள்) அஞ்சுவண்ணமும் (வணிகக் குழு) கொடுத்தோம் என்கிறது. அம்மாவுக்கு இதைச் சொன்னதும், “பகல்லயே விளக்குப் பிடிச்சு, துணி விரிச்சு நடக்க வெச்சாங்களா, அப்ப பெரிய மனுஷந்தான்” என்றார். இதைச் சொல்லும் ஒரு நல்ல விளக்கப் பலகை இல்லை என்பதுதான் குறை. செப்பேட்டைப் பொதுவாகக் காட்சிக்கு வைப்பதில்லை, சரி, ஒரு பிரதியாவது வைத்து நாலு மொழியில் எழுதலாமே.

அங்கே சொல்லாமல் விட்ட இன்னொரு விஷயமும் உண்டு. பரதேசி என்றாலே வெளியிலிருந்து வந்தவர் என்றுதான் பொருள், ஸ்பெயினிலிருந்தும் அலெப்போ, பாக்தாத் பக்கமிருந்தும் பிற்பாடு வந்தவர்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே இருந்தவர்கள் மலபார் யூதர்கள், எண்ணிக்கையிலும் அவர்களே அதிகம். பரதேசிகள் அவர்களைத் தங்கள் கோவிலில் சமமாக நடத்தவில்லை, விடுதலையான அடிமைகளின் வழிவந்தவர்களை உள்ளே உட்காரவே விடவில்லை. அந்தப் பிரிவில் பிறந்து வக்கீலான ஏ. பி. சேலம் சத்தியாகிரகம் செய்து அதை உடைத்தார், ‘யூத காந்தி’ என்று பெயர் வந்தது அதனால்தான், இந்தப் பக்கம் ஒரு தெருவும் அவர் பெயரில் இருக்கிறது. நம் ஊர்க் கோவில் நுழைவுப் போராட்டம் போலவே இருக்கிறதே என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், சினகாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், தெற்கே நடங்கள். தெரு முழுக்கச் சமதளம், மொத்த நடையும் ஒன்றரை கிலோமீட்டர் வராது. வழியில் சாரா கோஹனின் தையல் கடை, யூதர்கள் அணியும் தொப்பியும் பூ வேலைத் துணிகளும் விற்றவர், 2019இல் 96 வயதில் இறந்தார், கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். கடைசியாக மிஞ்சியவர்களில் ஒருவரான குவீனி ஹலேகுவாவும் 2024இல் இறந்த பிறகு பரதேசிச் சமூகம் என்று சொல்ல அநேகமாக யாரும் இல்லை. மலபார் யூதர்களில் பெரும்பாலோர் 1950களிலேயே இஸ்ரேல் போய்விட்டார்கள். ஜன்னல் கம்பிகளில் மட்டும் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது, ஜன்னலுக்குப் பின்னால் காஷ்மீர் சால்வைக் கடை.

கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஒரு கடையில் நேற்றுச் செய்த பித்தளை விளக்கை 200 வருடம் பழையது என்றார்கள், அம்மா திருப்பிப் பார்த்துவிட்டு அடியில் பாலிஷ் இன்னும் காயவில்லை என்று சொல்லிவிட்டு நடந்தார். மிளகு, ஏலக்காய் வாங்கலாம், வாசம் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

தெருவின் தென்கோடிப் பக்கம் கடவும்பாகம் சினகாக். பலகை தேடாதீர்கள், கேட்டுத்தான் போக வேண்டும். நாங்கள் கேட்ட சேட்டன் சுமை இறக்குவதை நிறுத்திவிட்டுக் கூடவே வந்து காட்டினார். மலபார் யூதர்களின் 16ஆம் நூற்றாண்டுக் கோவில், ஊர் காலியானதும் விற்றுப்போய்க் கயிற்றுக் கிடங்கானது. உள்ளே இருந்த மர வேலைப்பாடு 1990களில் ஜெருசலேம் போய் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அந்த நகரத்தில் அதைப் பார்க்கக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள், இங்கே வெறும் சுவர்தான் நின்றது, 2019 மழையில் முன்பக்கமும் சரிந்தது. சுற்றுலாத் துறை இந்தத் தெருவை வைத்துச் செய்யும் விளம்பரத்துக்கு இது கொஞ்சம் வெட்கக்கேடு.

அப்புறம் நெகேமியா மோட்டாவின் கல்லறை. யேமனிலிருந்து வந்தவர் என்று சொல்லப்படும் கவி, 1615இல் இறந்தவர். மலபார் யூதர்களின் பழைய இடுகாட்டில் மிஞ்சியது இந்த ஒன்றுதான், சுற்றிலும் வீடுகள். சந்துக்குள் வெள்ளையடித்த மேடை, மெழுகுவத்தி, பூ. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வேண்டிக்கொண்டு ஏற்றுகிறார்கள். எந்தக் கட்டணமும் இல்லை, எந்த நேரமும் போகலாம். அம்மா நாத்திகம் பேசுகிறவர், அவரும் ஒன்று ஏற்றினார், முட்டிக்கா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

கழிவறை விஷயம் சொல்லியாக வேண்டும்: தெருவில் நம்பிப் போகும்படி ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு காப்பிக் கடையில் எலுமிச்சைச் சாறு வாங்கி அந்த உரிமையில் போய்வந்தோம், சாறு ஊர் விலையில் மூன்று மடங்கு, ஆனால் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கிடைத்தது, வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அந்தக் காசு தகும். ஆட்டோக்காரர்கள் சிலர் ‘எல்லா இடமும் காட்டுகிறேன்’ என்று மலிவாகக் கூப்பிடுவார்கள், அது கைவினைக் கடைகளில் கமிஷன் வாங்கும் சுற்று, வேண்டாம்.

நேரம் மிச்சமிருந்தால் எர்ணாகுளம் திரும்பி மார்க்கெட் ரோட்டில் இன்னொரு கடவும்பாகம் சினகாக் இருக்கிறது, முன்னால் அலங்கார மீனும் செடியும் விற்கும் கடை, அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பறவூர், சேந்தமங்கலம் சினகாக்குகள் அரசு பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்தவை, விளக்கப் பலகைகள் அங்கேதான் ஒழுங்காக இருக்கின்றன என்று கேள்வி, ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாளும் ஒரு வாடகைக் காரும் வேண்டும். அம்மா ஏற்கெனவே தங்கையிடம் போன் போட்டு, அடுத்த முறை காருக்குப் பாதிக் காசு அவள் தர வேண்டும் என்று பேசி முடித்துவிட்டார்.