மைக்ரோமீட்டர் சீட்டிங் டை: விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா?

மைக்ரோமீட்டர் தலை வைத்த சீட்டிங் டையின் விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று டெக்சாஸில் என்னோடு சுடப் பழகும் நண்பர் கேட்டார். வீட்டில் தோட்டா நிரப்பும்போது, கேஸ் எனப்படும் பித்தளைக் கூட்டுக்குள் புல்லட்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்கும் கருவி இது. .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா வகைக்குப் பல ஆண்டுகளாக அதே டையில்தான் தோட்டா நிரப்பி வருகிறேன் என்பதால், ஒரு வார்த்தையில் பதில் சொல்லாமல் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேஸையும் புல்லட்டையும் உள்ளே இருக்கும் ஸ்லீவ் ஒரே நேர்கோட்டில் தாங்கிப் பிடிப்பதால், புல்லட் கோணலாக இறங்குவதில்லை. தலையைத் திருகினால் ஒவ்வொரு கோட்டுக்கும் 0.001 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு, புல்லட்டைத் தள்ளி இறக்கும் தண்டு நகர்கிறது. பழைய எண்ணுக்குத் திருப்பினால் பழைய நிலைக்கே வந்து நிற்கிறது. தொடர்ந்து சுட்டுக்கொண்டே வந்தால் குழலின் தொண்டை அரித்து, ரைஃப்ளிங் (புல்லட்டைச் சுழலவைக்கும் திருகு பள்ளங்கள்) தொடங்கும் இடம் முன்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். அதற்கு ஈடாக ஆழத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ள இதைவிட வசதியான கருவியை நான் கையாண்டதில்லை.

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது ஒன்றே ஒன்றுதான். டையோடு வரும் தண்டின் குழிவு, நீண்ட கூர்முனைப் புல்லட்டுக்கு ஆழம் போதாது. புல்லட்டின் மூக்கில் மார்க்கர் மை பூசி இறக்கிப் பார்த்தால், நுனிக்குக் கீழே வளையமாக மை உரிந்திருக்க வேண்டும். எனக்கோ நுனியில் மட்டும் மை போய்ச் செம்பு பளிச்சிட்டது. வளைவில் பூசிய மை கலையவே இல்லை. தண்டு நுனியைப் பிடித்துத் தள்ளுகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. துளைமுனை மேட்ச் (போட்டிச் சுடுதலுக்கான) புல்லட்டுகளின் நுனி ஒரே பெட்டிக்குள்ளேயே ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால், அந்த வேறுபாடு முழுவதும் புல்லட் இறங்கும் ஆழத்தில் வந்து சேர்கிறது. அடியிலிருந்து நுனிவரை அளந்தால் எல்லாத் தோட்டாக்களும் சமமாகத் தெரியும்; காலிப்பரில் கம்பேரேட்டரைப் பொருத்தி, ரைஃப்ளிங்கைத் தொடப்போகும் வளைவுவரை அளந்தால் 0.004 அங்குலம்வரை ஏறி இறங்குகிறது.

.308-க்கு வகுத்திருக்கும் 2.810 அங்குலம் என்ற அதிகபட்ச நீளம், தோட்டா மேகசினிலும் துப்பாக்கியின் அறையிலும் தடையின்றி நுழைவதற்கான வரம்பு. புல்லட் எவ்வளவு தூரம் கடந்து ரைஃப்ளிங்கை அடைகிறது என்பதை அந்த எண் சொல்லாது. புல்லட் ரைஃப்ளிங்கில் முட்டி நின்றாலும் அழுத்தம் ஏறும், மிக ஆழமாக இறங்கிக் கேஸின் கொள்ளளவைக் குறைத்தாலும் அழுத்தம் ஏறும். ஆகவே ஆழத்தை மாற்றுகிறவர் பவுடரைக் குறைத்துக்கொண்டுதான் மீண்டும் தொடங்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால், ரைஃப்ளிங்குக்கு முன்னால் நான் விட்டிருக்கும் 0.020 அங்குல இடைவெளியில் இந்த 0.004 ஆபத்தானதல்ல. நூறு கெஜத்தில் மான் வேட்டையாடுகிறவர் இதைப் பொருட்படுத்தவே தேவையில்லை. ஆனால் 0.001 என்று கோடு போட்ட அந்தத் தலைக்காகத்தானே கூடுதல் விலை வாங்கினார்கள்?

தயாரிப்பாளருக்கு எழுதினேன். அளவுகள் வரம்புக்குள்தான் இருக்கின்றன, நீண்ட புல்லட்டுக்கான தண்டு தனியாகக் கிடைக்கும் என்று பதில் வந்தது. அஞ்சல் செலவும் கொடுத்து வாங்கிப் பொருத்திய பிறகு மை சீரான வளையமாக உரிகிறது, வேறுபாடு 0.001-க்குள் அடங்கிவிட்டது. பலமுறை சுட்டு, புல்லட்டைக் கவ்வும் கழுத்தின் பிடி ஒரே மாதிரி இல்லாத கேஸ்களில் மட்டும் சற்றுக் கூடுகிறது. அது டையின் குற்றமில்லை.

இப்போது என் டையில் ஒரு குறையும் இல்லை, யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனாலும் நண்பருக்கு நான் சொல்வது, வாங்க வேண்டாம் என்பதுதான். விலையைக் குறைத்தவர்கள் அந்தத் தண்டை இன்னும் பெட்டிக்குள் வைக்கவில்லை; அதை வைத்து விற்கும்வரை இன்னொருவரை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. சாதாரண சீட்டிங் டை ஒன்றையும் நல்ல கம்பேரேட்டர் ஒன்றையும் வாங்கி, உங்கள் குழலில் ரைஃப்ளிங் எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் அளந்து குறித்து வையுங்கள்.