பேட்ரியான்: வாரம் ஒரு எபிசோட் போடுபவருக்குக் கட்டுப்படியாகுமா?

விளம்பரதாரர் தேடி வரும் அளவுக்குக் கூட்டம் சேராத பாட்காஸ்ட்டுக்கு இருக்கும் நேரான வழி, கேட்பவர்களிடமே மாதச் சந்தா வாங்குவது. அதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் பேட்ரியான். 2013-இல் தொடங்கிய தளம். சாட், கடை, வாக்கெடுப்பு என்று இன்று ஏகப்பட்ட வசதிகள் இருந்தாலும், பாட்காஸ்ட் நடத்துபவருக்கு அதில் பிரயோஜனமானது ஒன்றுதான்: சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் ஆர்எஸ்எஸ் இணைப்பு, அதாவது பாட்காஸ்ட் ஆப்பில் ஒட்டினால் புது எபிசோடைத் தானாகக் கொண்டுவரும் முகவரி. அது மட்டும் அருமையாக வேலை செய்கிறது. காசு கைக்கு வந்து சேரும் பாதையில்தான் பள்ளங்கள்.

கட்டணத்திலிருந்து ஆரம்பிப்போம். 2025 ஆகஸ்ட் 4-க்குப் பிறகு பக்கம் திறந்தவர்களுக்குத் தளக் கட்டணம் 10 சதவீதம். பணம் வசூலிக்கும் கட்டணம் தனி. டாலரில் வாங்கினால், 3 டாலர் வரை 5 சதவீதமும் 10 சென்ட்டும்; அதற்கு மேல் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் சந்தாத் தொகையை முடிவு செய்யக் கூடாது. 1 டாலர் சந்தாவில் நிற்பது 75 சென்ட். கால் பங்கு வழியிலேயே போய்விடுகிறது. 3 டாலரில் 2.45 நிற்கும். 4 டாலருக்கு ஏற்றினால் 3.18 தான், அதாவது வெட்டு 20 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. 30 சென்ட் நிலைக் கட்டணம் அங்கேதான் கடிக்கிறது. 5 டாலரில் 4.05 கிடைக்கும். ஆகவே 3 அல்லது 5, இரண்டில் ஒன்று. இடையில் உள்ள தொகைகள் வேண்டாம். ‘எவ்வளவு முடியுமோ கொடுங்கள்’ என்று 1 டாலர் சந்தா வைப்பது நல்ல மனசுதான், ஆனால் அந்த ஒரு டாலர்க்காரருக்கும் போனஸ் எபிசோட் தயாரிக்கும் உழைப்பு அதேதான்.

ஆண்டுச் சந்தாவைப் பலர் கண்டுகொள்வதில்லை. 5 டாலர் வீதம் 12 மாதம் தனித்தனியாக வசூலானால் கைக்கு 48.66 டாலர். அதையே 10 சதவீதம் தள்ளுபடியில் 54 டாலராக ஒரே தடவை வாங்கினால் 46.73. கேட்பவருக்கு 6 டாலர் மிச்சம். உங்களுக்கு இழப்பு 2 டாலருக்கும் கீழே. மாதாமாதம் கார்டு மறுக்கப்படும் தொல்லையும் இல்லை. அமைப்புகளில் ஆண்டுச் சந்தாவை முதல் நாளே திறந்து வையுங்கள்.

ஐபோன் விஷயத்தில் கவனம் தேவை. பேட்ரியான் செயலிக்குள்ளேயே ஆப்பிள் மூலம் ஒருவர் சேர்ந்தால் ஆப்பிள் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது; இது 2024 நவம்பரிலிருந்து புதிய சந்தாக்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. செயலிக்குள் மட்டும் விலையை உயர்த்திக் காட்டும் வசதி உண்டு. அதை அணைத்து வைத்தால் அந்த 30 சதவீதம் உங்கள் பங்கிலிருந்து போகும். எபிசோட் முடிவில் ‘பேட்ரியான் ஆப்பில் தேடுங்கள்’ என்று சொல்லாமல், பக்கத்தின் முகவரியைச் சொல்லி ‘பிரவுசரில் திறந்து சேருங்கள்’ என்று சொல்லுங்கள். ஒரே வாக்கியம்தான், ஆனால் காசு மிச்சம்.

இன்னொன்று, லண்டனில் இருந்து சேர்பவருக்கு சந்தாவுக்கு மேல் வாட் வரியும் சேர்ந்து வரும். அது உங்களுக்கு வரும் பணம் அல்ல என்பதைப் பக்கத்திலேயே எழுதி வைத்தால் பிறகு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

இனி அந்த ஆர்எஸ்எஸ். டொராண்டோவில் பேருந்தில் போகிற ஒருவர் உங்கள் போனஸ் எபிசோடைக் கேட்க பேட்ரியானைத் திறக்கவே வேண்டாம். தன் இணைப்பை நகலெடுத்து, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் லைப்ரரி பக்கத்தின் மூன்று புள்ளியைத் தொட்டு, ‘ஃபாலோ எ ஷோ பை யூஆர்எல்’ என்பதில் ஒட்டினால் போதும். பாக்கெட் காஸ்ட்ஸ் ஆப்பில் தேடல் பெட்டியிலேயே ஒட்டலாம். அதன் பிறகு புது எபிசோட் தானாக வந்து இறங்கும். ஸ்பாட்டிஃபையில் இப்படி ஒட்ட முடியாது. பேட்ரியான் கணக்கையும் ஸ்பாட்டிஃபை கணக்கையும் இணைக்க வேண்டும். சேர்ந்தவுடன் போகும் வரவேற்பு மடலில் இந்தப் படிகளைத் தமிழில் எழுதிவிடுங்கள். ‘காசு கட்டினேன், எபிசோட் எங்கே?’ என்ற கேள்வி பெரும்பாலும் இதனால்தான் வருகிறது.

உங்கள் பக்கத்துத் தவறுகளும் உண்டு. எழுத்துப் பதிவு போட்டு அதில் கோப்பை இணைத்தால் அந்த ஆர்எஸ்எஸ் இணைப்பில் வராது. ஆடியோ பதிவாகவே ஏற்ற வேண்டும். வேறு தளத்தின் இணைப்பை ஒட்டினாலும் வராது. பேச்சு மட்டும் என்றால் மோனோ, 96 கிலோபிட் எம்பி3 தாராளம்: 30 நிமிடம் 22 எம்பிக்குள் அடங்கும். ஒலி அளவை இலவச எபிசோடுக்கும் போனஸுக்கும் ஒன்றாக வையுங்கள். மோனோவுக்கு மைனஸ் 19 எல்யுஎஃப்எஸ் (ஒலி அளவை அளக்கும் அலகு), ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 என்பது வழக்கம். காசு கொடுத்தவருக்குக் குறைந்த ஒலியில் எபிசோட் போவது பெரிய குறை.

தமிழ்நாட்டில் இருந்து கேட்பவர்களுக்கு இந்தத் தளத்தைச் சொல்ல மனம் வரவில்லை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே பதிவு செய்த அனுமதி வேண்டும்; எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பும் போக வேண்டும். வெளிநாட்டுத் தளங்களுக்கு இது சரியாக அமையாததால் இந்திய கார்டுகள் இரண்டாம் மாதமே மறுக்கப்படுவது சகஜம். கேட்பவர் விலக நினைக்கவில்லை. ஆனாலும் விலகியவர் ஆகிவிடுகிறார். அவர்களுக்கு ரேசர்பே என்ற இந்தியப் பணவசூல் தளத்தில் பேமெண்ட் பேஜ் ஒன்றைத் திறந்து, யூபிஐ மூலம் ஆண்டுக்கு 600 ரூபாய் ஒரே தடவை வாங்குங்கள். 2 சதவீதக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போக 585.84 ரூபாய் வங்கிக்கு வரும். தனி ஆர்எஸ்எஸ் கிடைக்காது என்பது குறைதான். ஒரு தனிப்பட்ட டெலிகிராம் சேனலில் எபிசோடை ஏற்றி, ஒருவருக்கு ஒரு அழைப்பு இணைப்பு என்று பயன்பாட்டு வரம்பை 1 ஆக வைத்து அனுப்பினால் ஓரளவு ஈடுகட்டலாம். ஐம்பது அறுபது பேர் வரை கையால் சமாளிக்க முடியும்.

இந்தியாவில் இருந்து நடத்துபவர் பேட்ரியான் பணத்தை எடுக்க பேபால் அல்லது பேயோனியர் கணக்கு வேண்டும். உள்நாட்டுப் பணப்பரிமாற்றத்தை பேபால் 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டாலும் வெளிநாட்டுப் பணம் வரும். பான் எண், பணம் எதற்காக வருகிறது என்ற பர்பஸ் கோட், வங்கிக் கணக்கு மூன்றும் முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். டாலரை ரூபாயாக மாற்றும் விகிதம் வங்கியின் விகிதத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். அமெரிக்கர் அல்லாதவர் நிரப்பும் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தைத் தள்ளிப்போடாமல் நிரப்பிவிடுங்கள்; அதில் பெயர் பான் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்.

தேர்வு, பிரசவம், வீடு மாற்றம் என்று ஒரு மாதம் எபிசோட் போட முடியாமல் போனால் வசூலை நிறுத்தி வைக்கும் பொத்தான் அமைப்புகளில் இருக்கிறது. அடுத்த வசூல் தேதிக்கு முன்பே அழுத்தி, ஏன் என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.