நீர் தெறிக்காமல் எழும்புவது எப்படி: நான்கு விசித்திரப் பறக்கும் படகுகளும் அவற்றின் மாதிரிகளும்

உடலே படகாக அமைந்து நீரில் இறங்கி எழும் விமானம்தான் பறக்கும் படகு. அதை வடிவமைப்பவருக்கு வானத்தைவிடத் தண்ணீரே பெரிய தலைவலி. விமானம் நீரில் விரைந்தோடும்போது படகுடலின் இரு விளிம்புகளிலிருந்தும் கிளம்பும் தெறிப்பு, உந்துவிசிறியில் பட்டால் அதன் இதழ்களை அரித்துவிடும். ஜெட் எஞ்சினுக்குள் புகுந்தால் எஞ்சினையே அணைத்துவிடலாம். ஆகவே எஞ்சினை உயரத்தில் வைக்க வேண்டும். அதற்காக உடலை ஆழமாகக் கட்ட வேண்டும். அந்த ஆழமான உடலோ, மேலே கிளம்பிய பிறகு பயனற்ற காற்றுத்தடையாகி வேகத்தைத் தின்றுகொண்டிருக்கும். பார்ப்பவர் சிரிக்கும்படியான கடல்விமானங்களில் பல, இந்தச் சிக்கலுக்குக் கண்ட விடைகளே. அவற்றுள் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஜெர்மனியின் பிஃபௌ 138, பிரிட்டனின் பிளாக்பர்ன் பி-20, அதே நாட்டின் சாண்டர்ஸ்-ரோ எஸ்.ஆர்.ஏ/1, அமெரிக்காவின் கான்வேர் சீ டார்ட். விமானமாக எது சிறந்தது என்பதும், 1/72 அளவில், அதாவது உண்மையில் 72-இல் ஒரு பங்காக, மாதிரியாகக் கட்டும்போது எது சிறந்தது என்பதும் ஒரே விடையைத் தருவதில்லை.

நான்கிலும் உண்மையாகவே போரில் உழைத்தது புளோம் உண்ட் ஃபோஸ் நிறுவனத்தின் பிஃபௌ 138 மட்டுமே. 1937-இல் முதன்முதலாகப் பறந்த இவ்வகையில் மூன்று எஞ்சின்கள் உண்டு. நடு எஞ்சின் மற்ற இரண்டையும்விட உயரத்தில், குட்டையான படகுடலுக்கு நேர் மேலே அமர்ந்திருக்கும். வால் பகுதி உடலோடு சேராமல் இரண்டு நீண்ட தண்டுகளால் இறக்கைகளிலிருந்து நீட்டப்பட்டிருப்பதால் தெறிப்பு எட்டாத உயரத்தில் நிற்கிறது. 'பறக்கும் மரச்செருப்பு' என்று ஜெர்மானியரே கேலி செய்த தோற்றம் இப்படி வந்தது. அதன் யூங்கர்ஸ் யூமோ 205 எஞ்சின்கள் டீசலில் ஓடுபவை. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் மேலும் கீழுமாக எதிரெதிரே இயங்குவதால் எஞ்சின் ஒடுங்கி உயர்ந்திருக்கும். எஞ்சின் கூடுகளும் அப்படியே. மாதிரி கட்டுபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று: பிற்காலப் பதிப்புகளில் நடு விசிறிக்கு நான்கு இதழ்கள், பக்கத்து விசிறிகளுக்கு மூன்று. இத்தாலிய சூப்பர்மாடல் நிறுவனம் வெளியிட்டு, பிறகு ரெவெல் பெட்டியிலும் வந்த 1/72 பிளாஸ்டிக் கிட் இருப்பதால், நான்கில் எளிதில் முடியக்கூடியது இதுவே. இறக்கை விரிவு ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் வரும். அலமாரியை முன்கூட்டியே அளந்துகொள்வது நல்லது.

எளிதானது என்பதாலேயே அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பி-20 தந்த விடை இதைவிடத் துணிச்சலானது. பிளாக்பர்ன் நிறுவனத்தின் ஜே.டி. ரென்னி படகுடலையே கிடைமட்டமாக இரண்டாகப் பிளந்தார். மேல்பாதி சாதாரண விமான உடல். கீழ்பாதி ஒரு பெரிய மிதவை. நீரில் இருக்கும்போது கீழ்பாதி இறங்கி, இறக்கையையும் விசிறிகளையும் தண்ணீரிலிருந்து உயர்த்தும்; அத்தோடு, மேலெழும்பத் தேவையான கோணத்தையும் இறக்கைக்குத் தந்துவிடும். பறக்கத் தொடங்கியதும் மிதவை மேலேறி உடலோடு பொருந்திக்கொள்ளும். பக்க மிதவைகளும் வெளிப்புறமாக மடங்கி இறக்கை நுனிகளாகவே ஆகிவிடும். கடல் ரோந்துக்கான அதே தேவைக்குப் போட்டியிட்ட, சாண்டர்ஸ்-ரோவின் லெர்விக் என்ற பறக்கும் படகை அரசு வாங்கியது. அது 21 மட்டுமே கட்டப்பட்டு, ஓட்டியவர்களின் வசவையும் வாங்கிக்கொண்டது. பி-20 ஒன்றே ஒன்றுதான் உருவானது. ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் கட்டப்பட்டு 1940 மார்ச் இறுதியில் பறந்த அது, ஏப்ரல் 7 அன்று அதிவேகச் சோதனையின்போது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தட்டுகளில் எழுந்த கட்டுக்கடங்காத அதிர்வால் கடலில் வீழ்ந்தது. இருந்த ஐவரில் மூவர் இறந்தனர். விபத்துக்குக் காரணம் இறங்கி ஏறும் மிதவை அன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த யோசனை தோற்றதாகவே பலர் எழுதிவிடுகிறார்கள். பிளாக்பர்ன் நிறுவனமும் அப்படி நினைக்கவில்லை. அதே முறையில் பி-44 என்ற சண்டை விமானத்தையும் பிறகு வரைந்து பார்த்தது. அது வரைபடத்தைத் தாண்டவில்லை.

ஜெட் வந்ததும் கணக்கு மாறியது. விசிறி இல்லாததால் உடலை உயர்த்த வேண்டிய கட்டாயம் குறைந்தது. காற்றை உறிஞ்சும் வாயை மட்டும் காப்பாற்றினால் போதும். சாண்டர்ஸ்-ரோ பழைய பாதையிலேயே நடந்து, முறையான படகுடலின் மூக்கில் அந்த வாயை வைத்தது. பசிபிக் போரை எண்ணித் தொடங்கிய எஸ்.ஆர்.ஏ/1, போர் முடிந்த பிறகு 1947 ஜூலை 16 அன்றுதான் பறந்தது. அதன் ஓட்டுநர் ஜெஃப்ரி டைசன் 1948 ஃபார்ன்பரோ விமானக் காட்சியில் அதைத் தலைகீழாகவே ஓட்டிக்காட்டினார். மணிக்கு 800 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம் படகுக்குப் பெரிது. தரையிலிருந்து கிளம்பும் ஜெட்டுகளுக்கு முன் போதாது. கட்டப்பட்ட மூன்றில் ஒன்று 1949-இல் சோதனை ஓட்டுநர் எரிக் பிரவுன் ஓட்டியபோது நீரில் மிதந்த பொருளொன்றில் மோதி மூழ்கியது. அவர் உயிர் பிழைத்தார். சில வாரங்களில் இன்னொன்றும் விபத்தில் அழிந்தது. முதல் விமானம் இன்றும் சௌத்தாம்ப்டனில் சோலண்ட் ஸ்கை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கான்வேர் படகுடலின் ஆழத்தையே கைவிட்டது. சீ டார்ட்டின் அடிப்புறம் ஒடுங்கிய ஆங்கில வி வடிவம்; மேலே முக்கோண இறக்கை; காற்று வாய்கள் ஓட்டுநர் அறைக்குப் பின்னால், உடலின் முதுகில். நிற்கும்போது இறக்கையின் பின்விளிம்பு தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து மிதக்கும். நகரத் தொடங்கிய பிறகே அடியிலிருந்து நீர்ச்சறுக்குப் பலகைகள் இறங்கி, வேகம் கூடக்கூட உடலை நீரிலிருந்து தூக்கிவிடும். சான் டியேகோ விரிகுடாவில் 1953 ஏப்ரல் 9 அன்று முறைப்படி முதல் பறப்பு நடந்தது; அதற்கு முன்பே ஜனவரியில், வேக ஓட்டத்தின்போது, தானாகவே சற்று மேலெழும்பிவிட்டது. 1954 ஆகஸ்டில் மெல்லிய சரிவிறக்கத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டியது. அதைச் செய்த கடல்விமானம் வேறு இல்லை. ஆனால் நீர்ச்சறுக்குப் பலகைகள் அலையில் தரும் அதிர்வு கடைசிவரை முழுமையாக அடங்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று, பார்வையாளர்கள் முன்னிலையில் பறந்துகொண்டிருக்கும்போதே ஒரு விமானம் சிதறி, ஓட்டுநர் சார்லஸ் ரிச்பர்க் உயிரிழந்தார். ஐந்து கட்டப்பட்டதில் நான்கு இன்றும் எஞ்சியிருக்கின்றன.

இனி வேலை மேசைக்கு வருவோம். கடல்விமான மாதிரியில் முதல் கேள்வி வண்ணம் பற்றியதன்று. அதை எங்கே நிறுத்துவது என்பதே. சக்கரம் இல்லாததால் மூன்றே வழிகள்: கரையேற்றும் வண்டியின்மேல், கம்பியில் பறப்பதுபோல், அல்லது செயற்கை நீரில். நீரில் வைத்தால் எஸ்.ஆர்.ஏ/1-இன் அழகே போய்விடும். படகுடலின் விளிம்பும் அடிப்புறத்தின் நடுவில் உள்ள படியும் மறைந்து, மேலே தெரிவது கொழுத்த ஒரு ஜெட் மட்டுமே. அதற்கு வண்டியே பொருத்தம். 1/72-இல் இறக்கை 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால் இடமும் கேட்காது.

சீ டார்ட்டின் கதை நேர்மாறு. அசையா நீரில் வைத்தால் பலகைகள் உள்ளே மடங்கியிருக்கும். அதாவது அதை விசித்திரமாக்கும் உறுப்பே கண்ணுக்குத் தெரியாது. ஓடும் நிலையில், உடல் நீருக்கு மேலே தூக்கி நிற்க, பலகைகளின் பின்னால் தெறிப்பு விரியும்படி செய்ய வேண்டும். இத்தகைய ஒன்றை ஒருமுறை ரெசின் கிட்டில் கட்டிப் பார்த்தேன். ரெசினில் வார்த்த மெல்லிய பலகைகள் மாதிரியின் எடையைத் தாங்காமல் ஒரு கோடைக்குள் வளைந்துவிட்டன. பித்தளைத் தகட்டில் வெட்டி, ஊசிக்கம்பியை உடலுக்குள் செலுத்திப் பொருத்திய பிறகே நின்றது. தெறிப்புக்குப் பஞ்சும் தெளிவான அக்ரிலிக் கூழும் போதும். பஞ்சை அளவுக்கு மீறி வைத்தால் புகைபோலத் தோன்றும்.

பி-20-இல் மிதவையை எந்த நிலையில் வைக்கிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மிதவை ஏறிய நிலையில் அது இரட்டை எஞ்சின் கொண்ட சாதாரண விமானம். இறங்கிய நிலையில் நீரில் வைத்தாலோ, சீ டார்ட்டுக்கு மாறாக, அந்த விந்தை அப்படியே வெளிப்படும்: நீரில் கிடக்கும் மிதவை, மேலே தாங்குகோல்கள், மிதவைக்கும் உடலுக்கும் இடையே வெளிச்சம் தெரியும் இடைவெளி. இரண்டு பாதிகளும் மூடினால் சரியாகப் பொருந்தக்கூடியவை என்று பார்ப்பவர் நம்ப வேண்டும் என்பதால், முழு உடலையும் முதலில் ஒரே கட்டையாகச் செதுக்கி, பிறகு அறுப்பதே சரியான முறை. தனித்தனியே செய்தவர்களின் மாதிரிகளில் அந்தப் பொருத்தமின்மை தூரத்திலிருந்தே தெரிகிறது. எஞ்சியிருக்கும் விமானம் இல்லை. படங்களும் மிகக் குறைவு, அனைத்தும் கறுப்பு வெள்ளை. ஆகவே வண்ணத்தில் வாதம் வரத்தான் செய்யும்.

முதல் கடல்விமானம் கட்டுபவர் பிஃபௌ 138-ஐ எடுக்கட்டும். விமான வடிவமைப்பை மதிப்பவர், அமைதியான பொறியியலை விரும்புபவர், எஸ்.ஆர்.ஏ/1-ஐ வண்டியில் ஏற்றி வைக்கலாம். சீ டார்ட் காண்பவரை நிறுத்திவிடும், ஆனால் நீரை வார்க்கும் கை பழகியிருக்க வேண்டும். என் தேர்வு பி-20; கட்டையை அறுக்க வாள் எடுத்தாயிற்று.