மடியிலா, தனி இருக்கையிலா? நாலு பேர் விமானத்தில் கைக்குழந்தை

சேலத்தின் அழகாபுரத்திலும் ஃபேர்லேண்ட்ஸிலும் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே பைலட் உரிமம் எடுத்து, நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து செஸ்னா 172 என்ற பழைய சிறு விமானம் ஒன்றை வாங்கி வைத்திருக்கும் மாப்பிள்ளைகளும் இப்போது உண்டு. பேரன் பேத்தியைப் பார்க்க சேலத்திலிருந்து தாத்தாவும் அம்மாயியும் போனால், "வாங்க மாமா, எல்லாருமா ஒரு சுற்று பறந்துட்டு வரலாம்" என்பார்கள். ஆசையான அழைப்புதான். ஆனால் அந்த விமானத்தில் இருப்பது நாலே இருக்கை. ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதா, குழந்தைகளுக்கான கார் சீட்டோடு தனி இருக்கையில் கட்டுவதா? தனி இருக்கைதான் என்பது என் முடிவு. அதற்காக மடியின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன்.

சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-வின் விதிப்படி, இரண்டு வயது நிரம்பாத குழந்தையைப் பெரியவர் மடியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் தனி இருக்கை கட்டாயம். அதே எஃப்ஏஏ, கைக்குழந்தைக்கும் கார் சீட்தான் பாதுகாப்பு என்று பரிந்துரைக்கவும் செய்கிறது. நம் ஊர் விமானங்களில் மடிக்குழந்தைக்குச் சின்ன பெல்ட் ஒன்றைக் கொடுத்து அம்மாவின் பெல்ட்டில் கோத்துவிடுவதுண்டு. அமெரிக்காவில் அதற்கும் அனுமதி கிடையாது. ஒரே பெல்ட்டுக்குள் இருவரையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம், பெரியவரின் எடை முழுவதும் குழந்தையை நசுக்கும். ஆக, மடி என்றால் வெறும் கைப்பிடிதான்.

மடியில் குழந்தை அழாது, பால் கொடுப்பது சுலபம், அம்மாவின் சூடு இருக்கும். சாதாரணமாகப் பறந்து சாதாரணமாக இறங்கும் நாளில் இதெல்லாம் உண்மை. எஞ்சின் நின்று ஏதோ ஒரு வயலில் இறங்க வேண்டிய நாளில்தான் கணக்கு மாறுகிறது. பழைய செஸ்னாக்களின் இருக்கையும் பெல்ட்டும் முன்பக்கமாக 9 ஜி விசையை, அதாவது எடையைப் போல் 9 மடங்கு இழுப்பை, தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அந்த விசையில் 10 கிலோ குழந்தை 90 கிலோ பாரமாகக் கையை இழுக்கும். மூன்றரைச் சிப்பம் அரிசி கண்ணிமைக்கும் நேரத்தில் முன்னால் பாய்ந்தால் யாரால் பிடிக்க முடியும்? அம்மாவின் பாசத்துக்கும் அந்தப் பிடிக்கும் சம்பந்தமே இல்லை. அவசர இறக்கம் வரைக்கும்கூடப் போக வேண்டாம். மதிய வெயிலில் காற்று குலுக்கினாலே, கையைத் தூக்கினால் தொடும் உயரத்தில் இருக்கும் கூரையில் குழந்தையின் தலை மோதலாம்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்தே ஏறிப் பழகியவர்கள் நாம். 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதே பழக்கம் நம்மோடு விமானத்திலும் ஏறிவிடுகிறது.

1989 ஜூலை 19 அன்று அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-10 விமானம் விழுந்தது. அதில் நான்கு மடிக்குழந்தைகள் இருந்தார்கள். அப்போதைய நடைமுறைப்படி, குழந்தைகளைக் காலடியில் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. ஒரு குழந்தை இறந்துபோனது. அன்று அதைச் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், மடிக்குழந்தை முறையை ஒழிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். ஆனாலும் 2005-இல், கைக்குழந்தைக்குத் தனி இருக்கையைக் கட்டாயமாக்கப் போவதில்லை என்று எஃப்ஏஏ அறிவித்தது. குழந்தைக்கும் டிக்கெட் வாங்கச் சொன்னால் பல குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலையில்தான் சாவு அதிகம் என்பது அவர்கள் வாதம். பயணிகள் விமானத்துக்கு அந்த வாதத்தில் அர்த்தம் இருக்கிறது. மாப்பிள்ளையின் செஸ்னாவில் யாரும் டிக்கெட் வாங்குவதில்லையே! அங்கே அந்த வாதம் நிற்காது. மேலும் அமெரிக்காவில் தனியார் சிறு விமானப் பறப்பில், ஒரு லட்சம் மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு உயிரிழப்பு விபத்து நடக்கிறது. சென்னையிலிருந்து சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வரும் ஏடிஆர் பயணிகள் விமானத்தை நினைத்துக்கொண்டு இதில் ஏறக் கூடாது.

அப்புறம் எடை. 172-இன் புதிய மாடலிலேயே ஆள், சுமை, எரிபொருள் எல்லாம் சேர்த்துச் சுமார் 400 கிலோதான் ஏற்றலாம். டாங்கை நிரப்பினால் ஏறக்குறைய 145 கிலோ அதிலேயே போய்விடும். மிச்சம் 255. அப்பா, அம்மா, தாத்தா, ஏழு வயது அக்கா, மடியில் தம்பி என்று எல்லோரும் ஏறினால் அந்த வரம்பைத் தொட்டுவிடுவார்கள். வெயில் நாளில் காற்றின் அடர்த்தி குறைந்து மேலே ஏறும் வேகமும் குறையும். தாத்தாவுக்கு இடம் கொடுக்கத்தான் தம்பி மடிக்குப் போகிறான் என்பதைக் கவனியுங்கள். தாத்தா அடுத்த சுற்றில் பறக்கட்டும். மாப்பிள்ளை தப்பாக நினைத்துக்கொள்ளமாட்டார். நல்ல பைலட் என்றால் சந்தோஷமே படுவார்.

கார் சீட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பின் இருக்கையில்தான் கட்ட வேண்டும். முன்னால் வைத்தால் பைலட் ஸ்டியரிங்கை முழுதாகப் பின்னால் இழுக்க முடியாமல் தட்டும். காரில் அக்கா உட்காரும் பூஸ்டர் சீட்டுக்கு விமானத்தில் அங்கீகாரம் இல்லை, அவளுக்கு விமானத்தின் பெல்ட்தான்.

காது விஷயத்தில் மட்டும் மடிக்கு ஒரு சாதகம் உண்டு. இந்த விமானங்களில் உள்ளழுத்தம் சீராக்கும் வசதி இல்லை. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போதே காது அடைக்கிறது; அந்த 4000 அடியைக் காரில் முக்கால் மணி நேரம் இறங்குகிறோம், செஸ்னா நிமிடத்துக்கு 500 அடி வீதம் எட்டே நிமிடத்தில் இறங்கிவிடும். தாய்ப்பால் கொடுத்தால் குழந்தை விழுங்கும், காது திறக்கும். கார் சீட்டில் பால் புட்டியோ சூப்பானோ அதே வேலையைச் செய்யும். நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறங்கும் நேரத்தில் குழந்தை தூங்கினால் எழுப்புங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்குப் பறக்கவே வேண்டாம். எஞ்சின் சத்தத்துக்குக் குழந்தை அளவில் காதுமூடியும் வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: தம்பியை அம்மாயியோடு தரையிலேயே விட்டுவிடுவது. 1992 முதல் அமெரிக்காவில் சிறுவர்களைச் சிறு விமானங்களில் இலவசமாகப் பறக்கவைக்கும் யங் ஈகிள்ஸ் திட்டமே 8 வயது முதல் 17 வரைதான் ஏற்றுகிறது. ஒன்றரை வயதில் அவனுக்கு ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதே புரியாது. கார் சீட் சரியாகப் பொருந்தவில்லை என்றால் நான் தயங்காமல் இதையே சொல்வேன்.