ஒரு மாலைக்கு ஒரு வினைச்சொல்: குன்னூரில் ஓர் ஆங்கில வகுப்பு

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் மாலையில் நடக்கும் இந்தப் பேச்சு ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தேயிலை ஃபாக்டரி ஊழியர்கள், காட்டேஜ் நடத்துகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். ஒன்றரை மணி நேரமும் ஒரே ஒரு வினைச்சொல்தான். வகுப்பு எப்படி என்று அறிய ‘டீப்பன்’ (deepen) பாடம் ஒன்றே போதும்.

‘ஆழமாகு’ என்று பலகையில் எழுதிப்போட்டு முடித்துவிடுவதில்லை. எதற்கெல்லாம் இந்தச் சொல் வரும், எதற்கு வராது என்பதில்தான் நேரம் செலவாகிறது. அதுதான் சரியான முறை. உருட்டிய இலை பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வருகிறதா? ‘த கலர் டீப்பன்ஸ்’. பொழுது சாய்ந்து பள்ளத்தாக்கில் நிழல் அடர்ந்தால் ‘த ஷேடோஸ் டீப்பன்’. மூடுபனிக்கு மட்டும் ‘திக்கன்’தான். பச்சைத் தேயிலை விலை சரிந்தால் விலை ‘ஃபால்ஸ்’; அதனால் விவசாயிக்கு முற்றுகிற நெருக்கடிதான் ‘டீப்பன்ஸ்’. பையனுக்குக் குரல் உடைவது ‘பிரேக்’. பிறகு மெல்ல மெல்லக் கட்டைக்குரலாவது ‘டீப்பன்’. நட்பு, சந்தேகம், புரிதல், மர்மம் எல்லாவற்றுக்கும் இதே சொல் பொருந்தும்.

பாடத்தின் சிறந்த பகுதி அடுத்தது. தமிழில் ஆழமானது வேறு, ஆழமாக்கினார்கள் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை. இதில்தான் நம்மவர்கள் தடுக்கி ‘த கிரைசிஸ் இஸ் டீப்பன்ட்’ என்கிறார்கள். ‘யார் செய்தது?’ என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். பதில் இருந்தால் வினைக்குப் பின்னால் ஒரு பொருள் வரவேண்டும்: ‘தே டீப்பன்ட் த லேக்’. தானாக நடந்தால் ‘த கிரைசிஸ் டீப்பன்ட்’ என்பதோடு நிறுத்திவிடலாம், நடுவில் ‘இஸ்’ வேண்டாம். ‘மோர் டீப்பன்’ என்பதும் தவறு. கூடுதல் என்ற பொருள் வினைக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் அதிகமானது என்று அழுத்திச் சொல்ல ‘டீப்பன்ட் ஃபர்தர்’.

உச்சரிப்பில் வகுப்பு கோட்டை விடுகிறது. கையேட்டில் ‘டீபன்’ என்று ஒற்றைப் பகரம் போட்டிருக்கிறார்கள். தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றைப் பகரம் குழைந்துதான் ஒலிக்கும். படிக்கிறவர் அப்படியே சொல்லிப் பழகிவிடுவார். ‘டீப்பன்’ என்று திருத்தி அச்சடிப்பது அவசியம். அழுத்தம் ‘டீ’யில், கடைசி ‘பன்’ லேசாகத் தேய வேண்டும். அழுத்தம் முன்னால் விழுவதால்தான் இறந்தகாலம் எழுதும்போது ‘என்’ (n) எழுத்து இரட்டிப்பதில்லை. இந்தக் காரணத்தையும் கையேடு சொல்லவில்லை.

இன்னொரு குறை: டீப் போன்ற பண்புச் சொல்லோடு ‘அன்’ (en) சேர்த்தால் வினை கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடுகிறார்கள். க், ட், ப், ஸ், ஃப் போன்ற ஓசையில் முடியும் சொற்களுக்குத்தான் அது சரிவரும்: டார்க்கன், ரெடன், டீப்பன். ல், ன், ம் ஓசையில் முடியும் கூல், தின், வார்ம் ஆகியவை அப்படியே வினையாகிவிடும். லாங், ஸ்ட்ராங், ஹை மூன்றும் வேறு வழி: லெங்தன், ஸ்ட்ரெங்தன், ஹைட்டன். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்லாததால் ‘கூலன்’ என்று எழுதுகிறார்கள்.

அடிப்படை வாக்கியம் அமைக்கத் தெரிந்தவர்கள் தாராளமாகச் சேரலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு வேகம் அதிகம். அவர்கள் முதலில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டட்டும்.